பள்ளிக்கூடத்திற்காக நிற்கும் வைக்கோல் பொம்மைகள்
இங்கிலாந்துக் கிராமக் குடும்பங்கள் கைவினையால் ஊரைக் காக்கும் கதை

இங்கிலாந்தின் வட யார்க்‌ஷையர் வட்டாரத்தில் கெட்டில்வெல் என்றொரு சிறிய கிராமம் இருக்கிறது. வார்ஃப் ஆற்றின் கரையில், சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு நடுவே, கல்லால் கட்டிய வீடுகளும் ஒரு தேவாலயமும் கொண்ட ஊர். அங்கே குடியிருப்பவர்கள் சில நூறு பேர்தான். ஆனால் ஆகஸ்ட் மாதம் வந்தால், ஒன்பது நாள்களுக்கு அந்த ஊரில் ஆள்களோடு பொம்மைகளும் குடியேறிவிடும்.

வாசற்படியில் செய்தித்தாள் படிக்கும் தாத்தா, ஓடைப் பாலத்தில் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கும் சிறுவன், மதில்மேல் ஏறி எட்டிப் பார்க்கும் திருடன், அவனைத் துரத்தும் போலீஸ்காரர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கற்பனை. தூரத்தில் பார்த்தால் மனிதர். கிட்டே போனால் பழைய சட்டைக்குள் திணித்த வைக்கோல்.

நம்மவர்கள் சோளக்கொல்லை பொம்மை என்று சொல்வதைத்தான் அந்த ஊர்க் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு செய்து நிறுத்துகின்றன. பார்க்க வருவோர் ஒரு வரைபடத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, தெருத் தெருவாக நடந்து பொம்மைகளைத் தேடுகிறார்கள். இதற்கு அங்கே ‘ஸ்கேர்குரோ டிரெயில்’ என்று பெயர். தமிழில் ‘பொம்மை நடை’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

இது வெறும் வேடிக்கை போலத் தோன்றும். ஆனால் இதன் பின்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் கதை இருக்கிறது. அதற்கும் பின்னால், வயலில் நின்ற குழந்தைகளின் கதை ஒன்று இருக்கிறது.

1994-இல் தொடங்கிய முயற்சி

கெட்டில்வெல்லில் இந்த விழா 1994-ஆம் ஆண்டு தொடங்கியது. உள்ளூர் ஆரம்பப் பள்ளிக்கு நிதி திரட்டுவதே அதன் முதல் நோக்கம். பின்னர் தேவாலயம், ஊர் மண்டபம் ஆகியவற்றின் செலவுக்கும் அந்தப் பணம் பயன்பட்டது. இதே கிராமத்தில்தான் 2003-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கேலண்டர் கேர்ள்ஸ்’ என்ற ஆங்கிலப் படத்தின் பல காட்சிகள் எடுக்கப்பட்டன. நிதி திரட்டத் துணிந்த கிராமத்துப் பெண்களைப் பற்றிய படம் அது.

பணக்காரப் புரவலரையோ அரசு மானியத்தையோ மட்டும் நம்பாமல், ஊர் தன் கையில் இருந்ததைக் கொண்டு இறங்கியது. பழைய துணி, வைக்கோல், கம்பு, ஓய்ந்த நேரம். இவை எல்லா வீட்டிலும் இருந்தன.

யார்க்‌ஷையர் பள்ளத்தாக்குக் கிராமங்களில் இது சின்ன விஷயம் அல்ல. இளையோர் வேலை தேடி நகரம் போகிறார்கள். வீடுகள் விடுமுறைக் குடில்களாக மாறுகின்றன. பிள்ளைகள் குறைகிறார்கள். அதே வட்டாரத்தில் ஆர்க்கன்கார்த்டேல் என்ற ஊரின் தொன்மையான ஆரம்பப் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்து 2019-இல் மூடப்பட்டது. பள்ளி மூடினால் இளம் குடும்பங்கள் அந்த ஊருக்கு வரத் தயங்கும். அவர்கள் வராவிட்டால் கடையும் பேருந்தும் குறையும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தைப் பார்த்த மலேசியத் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் எப்படி வருகிறது?

பொம்மை நடைக்கு நுழைவாயிலும் கிடையாது, வேலியும் கிடையாது. ஊரே அரங்கம். வருமானம் பல சிறு வழிகளில் வருகிறது.

முதலாவது, வரைபடம். அதில் நடக்க வேண்டிய வழியும், பொம்மைகளை வைத்து விடை காண வேண்டிய விடுகதைகளும் இருக்கும். விடுகதை இருப்பதால் குழந்தைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு கடைசிப் பொம்மை வரை நடப்பார்கள். வரைபடம் இல்லாமலும் பொம்மைகளைப் பார்க்கலாம். ஆனால் விளையாட்டு வேண்டுமென்றால் வரைபடம் வேண்டும்.

இரண்டாவது, வண்டி நிறுத்தம். கோடையில் காலியாகக் கிடக்கும் புல்வெளி, கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். மூன்றாவது, தேநீரும் வீட்டில் சுட்ட கேக்கும். ஊர் மண்டபத்தில் பாட்டிமார் பரிமாறுவது பெரும்பாலும் இதுதான். நான்காவது, கைவினைப் பொருள் மேசை. பிள்ளைகள் செய்த காகிதப் பூக்கள், சாயம் பூசிய கற்கள், சிறு பூச்செடிகள் அங்கே விற்கப்படும்.

ஒவ்வொன்றும் சின்னத் தொகை. ஆனால் பொம்மைக்கான செலவைக் குடும்பங்களே ஏற்றுக்கொள்வதால், வருவதில் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும். இதுவே இந்த ஏற்பாட்டின் பலம்.

குழந்தை நின்ற இடத்தில் நின்ற பொம்மை

இன்று பள்ளிக்காக நிற்கும் இந்தப் பொம்மை, முன்பு யாருடைய வேலையைச் செய்தது என்று பார்த்தால் மனம் கனக்கும்.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், விதைத்த வயலில் காக்கை விரட்டுவது ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் வேலையாக இருந்தது. கையில் மரத்தட்டை வைத்து ஓசை எழுப்பியும், கல் எறிந்தும், கத்திக்கொண்டு ஓடியும் பறவைகளை விரட்ட வேண்டும். விடிந்தது முதல் பொழுது சாயும் வரை, மழையோ குளிரோ, தனியாக.

அப்படி நின்றவர்களில் ஒருவர் ஜோசஃப் ஆர்ச். 1826-இல் வார்விக்‌ஷையரில் பிறந்தவர். ஒன்பது வயதில் காக்கை விரட்டும் வேலைக்குப் போனார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம். கூலி நான்கு பென்ஸ். அந்தப் பையன்தான் வளர்ந்து 1872-இல் விவசாயத் தொழிலாளர்களுக்கான தேசியச் சங்கத்தை உருவாக்கினார். 1885-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1870-இல் வந்த கல்விச் சட்டம், பள்ளிகள் இல்லாத இடங்களில் பள்ளி அமைக்க வழி செய்தது. 1880-இல் ஐந்து முதல் பத்து வயது வரை பள்ளிக்குச் செல்வது கட்டாயமானது. பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக வயலை விட்டு வகுப்புக்குப் போனார்கள். வயலில் வைக்கோல் பொம்மை மட்டும் நின்றது.

பறவை விரட்டுவது நம் மரபுக்கும் புதிதல்ல. தினைப்புனத்தில் பரண்மேல் நின்று கிளி விரட்டிய வள்ளியின் கதை எல்லாருக்கும் தெரியும். மூங்கிலைப் பிளந்து ஓசை எழுப்பும் ‘தட்டை’ என்ற கருவியைச் சங்க இலக்கியம் குறிப்பிடுகிறது. இங்கிலாந்துச் சிறுவன் கையில் இருந்ததும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்த கருவிதான். மலாய்க்காரர்கள் நெல்வயல் பொம்மையை ‘ஓராங்-ஓராங்’ என்பார்கள். ஆளைப் போல நிற்பதால் ஆளின் பெயரே அதற்கும் வந்தது. ஸ்காட்லாந்தில் அதை ‘டாட்டி போகிள்’ என்பார்கள். உருளைக்கிழங்குத் தோட்டத்துப் பூதம் என்று பொருள்.

பயமுறுத்த நின்ற பொம்மையைக் குழந்தைகளின் தோழனாக மாற்றியதில் ‘வோர்ஸல் கம்மிட்ஜ்’ கதைகளுக்குப் பங்கு உண்டு. பார்பரா யூஃபன் டாட் எழுதிய முதல் நூல் 1936-இல் வந்தது. பேசும் வயல் பொம்மை ஒன்றின் குறும்புக் கதைகள் அவை. பின்னர் தொலைக்காட்சித் தொடராகவும் வந்து, இரண்டு மூன்று தலைமுறைக் குழந்தைகளைச் சிரிக்க வைத்தன.

ஊருக்கு ஊர் ஒரு பாணி

கெட்டில்வெல்லைப் போலவே லங்காஷையரில் உள்ள ரே கிராமமும் பெயர் பெற்றது. அங்கே 1990-களில் விழா தொடங்கியது. மே மாத முதல் திங்கட்கிழமை விடுமுறையில் நடக்கும் ஊர்ச் சந்தையை ஒட்டி, அதற்கு முந்தைய நாள்களில் பொம்மைகள் தெருவுக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் ஒரு கருப்பொருளை அறிவிப்பார்கள். ஆளுயரத்தைத் தாண்டிய பெரும் பொம்மைகளின் ஊர்வலமும் அங்கே உண்டு.

யார்க்‌ஷையரின் செட்டில் பட்டணத்தில் வைக்கோலுக்குப் பதில் பூந்தொட்டி. கோடையில் நடக்கும் பூந்தொட்டி விழாவில், தொட்டிகளைக் கோத்தும் அடுக்கியும் மனித உருவங்களும் விலங்குகளும் செய்து கடைவாசலிலும் வீட்டுத் திண்ணையிலும் வைப்பார்கள். பூவும் பொம்மையும் ஒன்றாகும் இடம் அது.

கருப்பொருள் அறிவிப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. ‘ஏதாவது பொம்மை செய்யுங்கள்’ என்றால் பலர் யோசித்தே நாளைக் கடத்துவார்கள். ‘விளையாட்டு வீரர்’, ‘கதைப்புத்தகம்’, ‘பழைய தொழில்கள்’ என்று ஒரு வரி கொடுத்தால் சாப்பாட்டு மேசையிலேயே பேச்சு தொடங்கிவிடும்.

பூவால் எழுதும் ஓவியம்

இங்கிலாந்துக் கிராமத்துப் பூத்திருவிழா பெரும்பாலும் தேவாலயத்துக்குள் நடக்கும். சன்னல் விளிம்பு, தூண், நுழைவாயில் என ஒவ்வோர் இடத்தையும் ஒரு குடும்பமோ சங்கமோ பொறுப்பேற்று மலர்களால் அலங்கரிக்கும். கோடைக்காலத்தில் பூவலங்காரம் உள்ளேயும், பொம்மை நடை வெளியேயும் ஒரே வாரக் கடைசியில் நடத்தும் ஊர்களும் உண்டு. நடக்க முடியாத முதியோர் பூக்களைப் பார்த்துத் தேநீர் அருந்துவார்கள். பிள்ளைகள் பொம்மையைத் தேடி ஓடுவார்கள்.

முன்பு இந்த அலங்காரங்களில் பச்சை நிறப் பூப்பஞ்சு தாராளமாகப் பயன்பட்டது. தண்ணீரை உறிஞ்சிப் பூவைத் தாங்கும் அது, மக்கிப் போகாத ஒருவகை நெகிழி. பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் கண்காட்சிகளில் அதைத் தடை செய்தது. இப்போது பலர் கோழிவலைக் கம்பியைப் பந்தாகச் சுருட்டி, தண்ணீர் உள்ள பாத்திரத்தில் வைத்து, அதன் கண்களில் காம்பைச் செருகுகிறார்கள். உண்மையில் அது பஞ்சுக்கு முந்தைய பழைய முறைதான்.

பூக்கலையில் இன்னும் ஆழமான மரபு டர்பிஷையர் வட்டாரத்தில் இருக்கிறது. அங்குள்ள டிஸ்ஸிங்டன் கிராமம், ஊர்க் கிணறுகளைப் பூவால் அலங்கரிப்பதற்குப் பேர்போனது. இயேசு விண்ணேறிய திருநாளை ஒட்டி, ஊரின் ஆறு கிணறுகளுக்கும் மலர்ப் பலகை வைப்பார்கள். அவற்றில் ஒன்றின் பெயரே ‘சிறுவர் கிணறு’. 14-ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் சுற்றுவட்டாரத்தை வாட்டியபோது, தூய தண்ணீரால் ஊர் தப்பியது என்பது ஒரு வழக்கு. 1615-இல் வந்த கடும் வறட்சியிலும் கிணறுகள் வற்றாததற்கு நன்றி என்பது இன்னொரு வழக்கு. எப்படியானாலும், தண்ணீருக்குச் சொல்லும் நன்றிதான் அது.

செய்முறை பொறுமையைக் கேட்பது. முதலில் மரப்பலகையைச் சில நாள் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். உலர்ந்த பலகை களிமண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் இந்த முன்னேற்பாடு. பலகையில் ஆணிகள் அடித்து வைத்தால் களிமண் நழுவாமல் பிடித்துக்கொள்ளும். களிமண்ணோடு உப்புச் சேர்த்துப் பிசைவார்கள். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பிறகு தாளில் வரைந்த படத்தைக் களிமண்மேல் விரித்து, கோட்டின்மேல் ஊசியால் குத்திக் குத்திப் புள்ளியாக இறக்குவார்கள். நம் பெண்கள் கோலத்துக்குப் புள்ளி வைப்பதை இது நினைவூட்டும். அந்தப் புள்ளிகளின்மேல் காப்பிக்கொட்டை, சிறு காய்கள், விதைகளைப் பதித்துக் கோடு கட்டுவார்கள். கடைசியில்தான் பூவிதழ்.

இதழ் வைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. கீழிருந்து மேல்நோக்கி, ஓட்டுக்கூரை வேய்வது போல ஒன்றின்மேல் ஒன்று படியும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் மழைநீர் இதழ்களின்மேல் வழிந்து ஓடும், களிமண்ணில் இறங்காது. படம் வரைவது கைதேர்ந்தவர்கள் வேலை. கட்டம் கட்டமாக இதழ் பதிப்பது பாட்டி முதல் பேரன் வரை எல்லாருடைய வேலை. இத்தனை உழைப்பும் சுமார் ஒரு வாரம்தான் நிற்கும். பிறகு வாடிவிடும். அடுத்த ஆண்டு புதிதாகத் தொடங்குவார்கள்.

பொம்மை செய்யும் முறை

குடும்பமாக ஒரு வயல் பொம்மை செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அனுபவப்பட்ட ஊர்கள் பின்பற்றும் வழி ஏறக்குறைய இதுதான்.

எலும்புக்கூடு: இரண்டு மீட்டர் நீளக் கம்பு ஒன்று, ஒரு மீட்டர் நீளக் கம்பு ஒன்று. சின்னதைப் பெரியதன் மேற்பகுதியில் குறுக்காக வைத்துக் கயிற்றாலோ திருகாணியாலோ இறுக்க வேண்டும். தலைக்குக் குறுக்குக் கம்புக்கு மேலே 30 சென்டிமீட்டர் விட வேண்டும். மண்ணில் புதைக்க அரை மீட்டர் வேண்டும். உட்கார்ந்த பொம்மைக்குக் கம்பே தேவையில்லை. பழைய நாற்காலி போதும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதுவே எளிது.

உடல்: கால்சட்டையின் கால் நுனியைக் கயிற்றால் கட்டிவிட்டு இடுப்பு வழியாகத் திணிக்க வேண்டும். சட்டையின் கை நுனிகளையும் அப்படியே கட்ட வேண்டும். பலர் செய்யும் தவறு குறைவாகத் திணிப்பது. நிறுத்திய மறுநாளே பொம்மை தொய்ந்து, குடித்துவிட்டு நிற்பவர்போல ஆகிவிடும். இனி இடமில்லை என்று தோன்றும்வரை திணிக்க வேண்டும். மூட்டுப் பகுதியில் மட்டும் தளர்வாக விட்டால் கையைக் காலை மடக்கலாம். சட்டையையும் கால்சட்டையையும் ஊக்கு வைத்து இணைத்துவிட வேண்டும்.

தலை: வெளிர் நிறத் தலையணை உறை நல்லது. அதற்குள் முதலில் ஒரு நெகிழிப்பையை உருண்டையாகத் திணித்து, சுற்றிலும் துணியை நிரப்பினால் வடிவம் சீராக வரும். திணிப்பதற்கு முன்பே முகத்தை வரைந்துவிடுவது புத்திசாலித்தனம். தட்டையான துணியில் வரைவது எளிது. மழையில் கரையாத மை அல்லது அக்ரிலிக் சாயம் வேண்டும். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கோணலாக வரைந்தால் முகத்துக்கு உயிர் வரும்.

கையும் காலும்: ரப்பர் கையுறைக்குள் வளைந்து கொடுக்கும் கம்பியை வைத்தால் விரல்கள் எதையும் பிடிக்கும். பழைய காலணி அல்லது ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு கல்லைப் போட்டால் காற்றில் சாயாது.

அடையாளம்: பொம்மையைப் பொம்மையாக்குவது திணிப்பு, அதை ஓர் ஆளாக்குவது கையில் இருக்கும் பொருள். தாத்தாவின் பழைய மூக்குக்கண்ணாடி, அம்மாவின் கரண்டி, அண்ணனின் காற்பந்து. பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது இதைத்தான்.

பாதுகாப்பு: பொம்மை சாலையை மறைக்கக் கூடாது. வளைவில் வைத்தால் ஓட்டுநர் உண்மையான ஆள் என்று எண்ணித் திடீரென்று பிரேக் போடக்கூடும். கம்பி முனைகளைச் சுருட்டி ஒட்டுநாடாவால் மூட வேண்டும். வைக்கோல் அருகே விளக்கோ மெழுகுவர்த்தியோ வேண்டாம்.

பிள்ளைகளின் கையால் பூக்கள்

பொம்மை பெரியவர்களின் உதவியைக் கேட்கும். பூக்கள் பிள்ளைகளின் ஆட்சி.

மெல்லிய வண்ணத்தாள் பூ: 20-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் எட்டுத் தாள்களை ஒன்றாக அடுக்கி, விசிறி மடிப்பதுபோல இரண்டு சென்டிமீட்டர் மடிப்பாக மடிக்க வேண்டும். நடுவில் கம்பியால் கட்டி, இரு முனைகளையும் வட்டமாக வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு தாளாக நடுவை நோக்கிப் பிரித்து உயர்த்தினால் செண்டு மலரும். கிழியாமல் பிரிக்கும் பொறுமைதான் இதில் பாடம்.

முட்டைத் தட்டுப் பூ: காகித முட்டைத் தட்டின் குழிகளைத் தனித்தனியே வெட்டி, விளிம்பில் நான்கு வெட்டுப் போட்டு இதழாக வளைக்கலாம். சாயம் பூசிக் காயவைத்து, இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் அடுக்குப் பூ.

பாட்டில் பூ: ஒன்றரை லிட்டர் பாட்டிலின் அடிப்பாகம் பல வகைகளில் ஐந்து இதழ் வடிவிலேயே இருக்கும். பெரியவர் வெட்டிக் கொடுத்து, விளிம்பில் ஒட்டுநாடா ஒட்டிவிட்டால், பிள்ளைகள் சாயம் பூசலாம். நடுவில் ஒரு துளை இட்டுவிட்டால் தண்ணீர் தேங்காது. மழையைத் தாங்குவது இந்தப் பூ மட்டுமே.

தொட்டி மனிதர்: பெரிய தொட்டிகள் இரண்டை வாயோடு வாய் வைத்தால் உடல். அதன்மேல் ஒரு நடுத்தரத் தொட்டி தலை. சிறு தொட்டிகளின் அடித்துளை வழியே கயிற்றைக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போட்டால் கை கால்கள். தலைத் தொட்டியில் மண் போட்டுப் புல் வளர்த்தால் தலைமயிர். வாரம் ஒருமுறை பிள்ளைகள் முடி வெட்டிவிடலாம்.

வைக்கோலையே கலையாக்கிய மரபும் இங்கிலாந்தில் உண்டு. அறுவடையின் கடைசிக் கதிரை எடுத்துப் பின்னி, அடுத்த விதைப்பு வரை வீட்டில் வைத்திருப்பார்கள். பயிரின் உயிர் அதில் தங்குகிறது என்பது பழைய நம்பிக்கை. பின்னுவதற்கு முன் தண்டைத் தண்ணீரில் நனைத்தால்தான் ஒடியாமல் வளையும். தென்னை ஓலையில் தோரணம் பின்னத் தெரிந்த கைகளுக்கு இது நொடியில் பிடிபடும்.

சங்கடங்களும் உண்டு

எல்லாம் சுலபமாக நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஒரு மழை வந்தால் வைக்கோல் நனைந்து கனத்துப் பொம்மை குப்புற விழும். திருவிழா நாள்களில் ஒற்றை வழிச் சாலையில் கார்கள் முட்டிக்கொண்டு நிற்கும். சில ஊர்களில் பொம்மைகள் களவு போனதும் உண்டு. யார் பொம்மைக்குப் பரிசு என்பதில் மனத்தாங்கல் வரும். அதனால்தான் பல ஊர்களில் வருகிறவர்களின் வாக்குக்கே முடிவை விட்டுவிடுகிறார்கள். பரிசும் பெரிதாக இருக்காது.

பெரிய சங்கடம் வேறு. ஆண்டுதோறும் அதே நாலைந்து பேர் தலையில் எல்லா வேலையும் விழுந்து, அவர்கள் ஓய்ந்ததும் விழாவும் ஓய்ந்துவிடுவது. நீடித்து நிற்கும் ஊர்களில் வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு பொம்மை. ஒரு தெருவுக்கு ஒரு பொறுப்பாளர். கேக் சுடுபவர் வண்டி நிறுத்தத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

நம் ஊரில் செய்தால்

மலேசியாவில் 150-க்குக் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்தப்படுகின்றன. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் பலவும் அந்த வரிசையில் இருக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அன்பளிப்பு அட்டையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறுவது நாம் பார்த்த காட்சிதான். பொம்மை நடை போன்ற ஒன்று அதற்கு மாற்று அல்ல, துணையாக இருக்கலாம். 200 குடும்பங்கள் ஐந்து ரிங்கிட் வரைபடம் ஒன்றை வாங்கினால் ஆயிரம் ரிங்கிட். அதைவிட முக்கியம், அந்த 200 குடும்பங்களும் பள்ளி வளாகத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்திருக்கும்.

பொருள்களை மட்டும் நம் மண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். வைக்கோல் கிடைக்காத இடத்தில் காய்ந்த லாலாங் புல், தென்னை ஓலை, கசக்கிய செய்தித்தாள் உதவும். நாள்தோறும் மாலையில் மழை கொட்டும் மாதங்களில், திணிப்பை நெகிழிப்பைக்குள் போட்டுக் கட்டிவிட்டுச் சட்டைக்குள் வைப்பது நல்லது. இங்கிலாந்தில் இல்லாத ஒரு கவலை இங்கே உண்டு: ஏடிஸ் கொசு. தொட்டி, பூட்ஸ், தொப்பி எதிலும் தண்ணீர் தேங்கக் கூடாது. அடியில் துளை இட வேண்டும். விழா முடிந்த மறுநாளே எல்லாவற்றையும் பிரித்து எடுத்துவிட வேண்டும்.

பூப்பலகைக்கு நம் பூக்களே போதும். வாடாமல்லியும் காகிதப்பூவும் காய்ந்தாலும் நிறம் மங்காது. செண்டுமல்லியின் இதழ்கள் கட்டம் நிரப்ப உகந்தவை. செம்பருத்தி அழகுதான், ஆனால் ஒரே நாளில் சுருங்கிவிடும். கோடு கட்ட மிளகும் உளுந்தும் இருக்கின்றன.

‘பழைய தொழில்கள்’ என்ற கருப்பொருளைக் கொடுத்தால் பிள்ளைகள் முதலில் ஓடுவது பாட்டியிடம்தான். பால்மரம் வெட்டப் போனபோது தலையில் விளக்கை எப்படிக் கட்டினார்கள், வாளியைக் காண்டாக் கம்பில் எப்படித் தூக்கினார்கள், கையில் பிடித்த உளி எப்படி இருந்தது என்று கேட்டுத்தான் பொம்மையைச் செய்ய முடியும். பாட்டியின் பழைய கைலியும் முழுக்கைச் சட்டையும் பெட்டியிலிருந்து வெளியே வரும். எந்தப் பாடநூலிலும் இல்லாத பதில்கள் அந்தப் பிற்பகலில் கிடைக்கும்.

பள்ளிக்குப் போக வேண்டிய வயதில் பெற்றோருக்குக் கை உதவியாக நிரையில் நின்ற பிள்ளைகள் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள். இன்று பாட்டியாக, தாத்தாவாக இருக்கும் அவர்களில் பலருக்கு எழுத்து கைகூடவில்லை. ஆனால் கட்டுவதும் பின்னுவதும் தைப்பதும் கோப்பதும் அந்தக் கைகளுக்குத் தெரியும்.

நான்கு பென்ஸ் கூலிக்கு வயலில் நின்ற ஒன்பது வயதுப் பையனின் இடத்தில் ஒரு காலத்தில் பொம்மை நின்றது. இன்று அதே பொம்மை, அவன் வயதுப் பிள்ளைகள் உட்காரும் வகுப்பறைக்காகத் தெருவில் நிற்கிறது. ஒரு பழைய சட்டையும், திணிக்க ஏதாவதும், கூட உட்கார நாலு பேரும் இருந்தால், அதை எந்த ஊரிலும் நிறுத்தலாம்.